டேப் இல்லாத இடம்

"சார், எனக்கு ரெண்டு சென்ட்ரிங் பலகை வேணும்."

அதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கட்டட ஓனர் சுரேஷ்பாபு நளினியிடம் சொல்லியிருந்தார். ஹெல்மெட் கேள், கையுறை கேள், சுவரில் ஒட்டப் போஸ்டர் கேள். சென்ட்ரிங் சாமானில் மட்டும் கை வைக்காதே. கான்கிரீட் இறுகியதும் ஒரு தளத்திலிருந்து பிரிக்கும் பலகை அன்றே அடுத்த தளத்துக்கு ஏற வேண்டும். நடுவில் ஒரு நாள் அது சும்மா கிடந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது.

விடிந்தும் விடியாத நேரம். திருச்சானூர் ரோட்டோரம் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக்கு அன்று மூன்றாம் தளம் கான்கிரீட். மிக்சர் நாலரைக்கே உறுமத் தொடங்கியிருந்தது. தரையிலிருந்து தளம்வரை சாரத்தில் ஆளுக்கொரு படியாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிமெண்டு தின்ற விரல் நுனிகளில் தோல் வெள்ளையாக உரிந்து தொங்கியது. யாரும் பேசவில்லை. பேச்சில் கவனம் போனால் சட்டி கீழே நிற்பவள் தலையில் விழும். நகரியில் விசைத்தறி நின்றுபோய் வந்தவர்கள் பாதி, வெதுருகுப்பம் பக்கம் கடலைக்காய் காய்ந்துபோய் வந்தவர்கள் பாதி.

"ஏமம்மா, மொதல் நாளே செப்பினேனா லேதா?"

"செப்பினீங்க சார். பின்பக்கம் லிஃப்ட் குழி எட்டடி ஆழம். அடியில கம்பி நட்டுக்கினு நிக்குது. ஒட்டினாப்பல மணல் குவியல். புள்ளைங்க அதுலதான் சறுக்கி ஆடுதுங்க. பலகை போட்டு குழிய மூடிடலாம்."

ஆடக் கூடாதென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு, அதற்குத்தானே உன்னை வைத்திருக்கிறேன் என்றார். சொன்னதோடு, சிவப்பும் வெள்ளையுமாக ஒரு தடுப்பு டேப் சுருளை எடுத்து அவள் கையில் திணித்தார்.

நளினி கோபக்காரி. தறிக்காரர் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சிவில் முடித்த கையோடு பாதுகாப்பு மேற்பார்வை வேலைக்கு வந்தவள். நகரியில் அவள் நைனா பார்க்கிறவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு சேஃப்டி ஆபீசரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தக் கோபக்காரி டேப்பை வாங்கிக்கொண்டாள். ஏன் வாங்கினேன் என்று பின்னால் அவள் தன்னையே எத்தனை முறை கேட்டாள் என்று சொல்லி முடியாது.

குழியைச் சுற்றி நாலு கம்பி அடித்து டேப்பைக் கட்டினாள். மத்தியானம் சிமெண்டு மூட்டை அடுக்கிய கொட்டகையில் வேலையாட்களின் பதினோரு பிள்ளைகளைக் காலிச் சாக்குகளில் உட்காரவைத்து வகுப்பெடுத்தாள். துருப்பிடித்த ஆணி, அறுந்த கரண்ட் ஒயர், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி என ஒவ்வொன்றாகக் காட்டினாள். கடைசியில் டேப்.

"டேப் கட்டியிருந்தா?"

"போவக்கூடாது மிஸ்" என்று கொட்டகை அதிர்ந்தது.

ஹரிதா மட்டும் கையைத் தூக்கினாள். சித்தாள் சுந்தரியின் மகள், ஏழு வயது, முன்பல் இரண்டு விழுந்தவள். "டேப் இல்லாட்டி போலாமா மிஸ்?"

அதே நேரம் தளத்திலிருந்து போன் வந்தது. யாரோ ஹெல்மெட் போடவில்லையாம், படமெடுத்து அனுப்ப வேண்டுமாம். "போலாம், போலாம்" என்று சொல்லிவிட்டு நளினி எழுந்தாள்.

வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் பெயர்களை எழுதி, எதிரே தாய்மாரிடம் கையெழுத்து வாங்கிய ரிஜிஸ்டரை ஓனர் அன்று மாலையே கேட்டு வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அவ்வளவு அக்கறை எதற்கென்று நளினிக்கு அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடு வாங்குகிறவர்கள் பார்க்க வந்தார்கள். பால்கனியில் நின்றால் ஏழுமலை தெரியும் என்று நோட்டீஸ் அடித்திருந்தார் ஓனர். ட்ரோன் வைத்துப் படமெடுக்க ஆள் வந்திருந்தான். டேப் கட்டிய இடம் எழவு விழுந்த இடம் மாதிரி இருக்கிறது, அவிழ்த்துவிட்டுச் சாயந்திரம் கட்டிக்கொள் என்றார். நளினி ஒரு வார்த்தை மறுத்துப் பேசினாள். பிறகு தன் கையாலேயே முடிச்சுகளை அவிழ்த்தாள். ஊன்றிய கம்பிகளைக்கூடப் பிடுங்கினாள். டேப்பைச் சுருட்டித் தோள்பையில் போட்டுக்கொண்டாள்.

சாயந்திரமாகியும் கார்கள் போகவில்லை. நளினி பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறவள். ஐந்தரை பஸ்ஸை விட்டால் நின்றுகொண்டுதான் போக வேண்டும். காலையில் வந்து கட்டிக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டாள். ஜன்னலோர சீட்டும் கிடைத்தது. புத்தூர் தாண்டுவதற்குள் போன் வந்தது. ஹரிதா குழிக்குள் விழுந்துவிட்டாளாம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிள்ளையின் தொடையில் மாவுக்கட்டு. கெண்டைக்காலில் கம்பி ஏறி மறுபக்கம் வந்திருந்த இடத்தில் பஞ்சு சிவந்திருந்தது. உயிருக்குப் பயமில்லை, நடை பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். சுந்தரி கட்டிலோரம் நின்று மகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். மிஸ் அவ்வளவு சொல்லியும் போனாயே, இப்போது ஊரே என்னைத்தானே வளர்ப்பு சரியில்லை என்கிறது என்று மூக்கைச் சிந்தினாள்.

"டேப் இல்லமா" என்றாள் ஹரிதா. குரலே இல்லை. "டேப் இல்லாட்டி போலாம்னு மிஸ்தான் சொன்னாங்க."

சுந்தரி சட்டென்று பிள்ளையின் வாய்மேல் ஒரு தட்டுத் தட்டினாள். "பொய் வேற சொல்லுது பாரு மிஸ். அடிபட்டும் கொழுப்பு அடங்கல."

பிள்ளை அழவில்லை. நளினியையே பார்த்தது. ஆமாம் என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். சொல் தொண்டைவரை வந்தது. கூடவே நைனாவின் முகம் வந்தது, போலீஸ் வந்தது, பறிபோகப் போகிற வேலை வந்தது. டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வராந்தாவுக்குப் போனவள் அப்படியே வெளியேறிவிட்டாள்.

பஸ்ஸில் போகும்போதுதான் அவளுக்கு உறைத்தது. கீழ்ப்படியாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கத்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இந்தப் பிள்ளை சொன்ன பேச்சைத் தட்டாமல் கேட்டது. வகுப்பிலேயே அதுதான் பாடத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. கேட்டதற்குக் கூலியாகக் காலும் ஒடிந்து, வாய்மேல் அடியும் வாங்கிப் படுத்திருக்கிறது. அவளோ ஜன்னலோர சீட்டில் போனவள்.

செவ்வாய் காலை ஆபீசில் தாள் தயாராக இருந்தது. முறைப்படி பயிற்சி கொடுத்தும் குழந்தை தடுப்பை மீறிச் சென்றது என்று இரண்டு வரி. நளினி கையெழுத்துப் போட வேண்டும். புகார் இல்லை என்று சுந்தரியும் போட வேண்டும். சுந்தரியைத் தனியாகத்தான் வரச்சொல்லியிருந்தார் ஓனர். அவளோடு கோவர்த்தனன் மேஸ்திரியும், அவர் பின்னால் இருபது பேரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ரெண்டு நாளாச்சு ஓனரே" என்றார் மேஸ்திரி. "உங்க ஆளு ஒருத்தன் ஆஸ்பத்திரிய எட்டிப் பாக்கல."

ஓனர் பீரோவைத் திறந்து ரிஜிஸ்டரை எடுத்து மேசைமேல் விரித்தார். இது யார் கையெழுத்து, படித்துச் சொல் என்று சுந்தரியைக் கேட்டார். "பள்ளிக்கூடத்துல சொல்லாததெல்லாம் இங்க சொல்லிக் குடுத்தாச்சு. உன் பொண்ணு கேக்கலன்னா நான் என்னம்மா செய்யறது? உன் பொண்ண நீ கட்டி வெக்கணும்."

வாசலில் நின்ற தலைகள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. குழந்தை மீறித்தான் போனது என்று அவர்களும் நம்பியிருந்தார்கள். சத்தம் போட்டு நியாயம் வாங்கிவிடலாம் என்று வந்தவர்கள், தங்கள் பிள்ளைகளின் பெயர்களும் அந்தத் தாளில் இருப்பதைப் பார்த்து ஓரடி பின்வாங்கினார்கள். சுந்தரி பேனாவை எடுத்தாள்.

"அக்கா, போடாதீங்க."

நளினிக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போல இருந்தது. "ஹரிதா எதையும் மீறல. அன்னிக்கு அங்க டேப்பே இல்ல. நான்தான் அவுத்தேன். சார் அவுக்கச் சொன்னாரு, நான் அவுத்தேன். டேப் இல்லாட்டி போலாமான்னு அது கேட்டப்ப, போலாம்னு சொன்னதும் நான்தான்."

சுந்தரி திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நேத்து அது வாய்மேல அடிச்சேன்" என்றாள். "நீ பாத்துக்கினுதான நின்னே?"

"பாத்துக்கினுதான் நின்னேன்."

சுந்தரி கை ஓங்கினாள். இடையில் யாரும் வரவில்லை. நளினியும் நகரவில்லை. ஓங்கிய கை மெல்ல இறங்கி மேசையிலிருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்தது.

கோவர்த்தனன் தலையிலிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். "ஓனரே, எல்லாக் குழியும் மூடணும். புள்ளைங்களுக்கு ஒரு ரூமு, பாத்துக்க ஒரு பொம்பள ஆளு. ஹரிதா எழுந்து நடக்கறவரைக்கும் அது பொறுப்பு உங்களுது. இது நடக்காம ஒருத்தனும் சட்டி தூக்க மாட்டான்."

"நாளைக்கே ராமகுப்பத்திலேருந்து வேற ஆள் செட்டு எறக்குவேன். உங்க கொட்டாயெல்லாம் காலி பண்ணிக்கினு போங்க."

"எறக்குங்க. அவங்களும் புள்ளைங்களோடதான் வருவாங்க. நாங்க கேட்லதான் உக்காந்துக்கினு இருப்போம். அவங்ககிட்ட நாங்க பேசிக்கறோம்."

ஓனர் அவரை விட்டுவிட்டு நளினி பக்கம் திரும்பினார். குரல் கனிந்துவிட்டது. "நளினிம்மா, நீ படிச்ச பொண்ணு. ஸ்டேஷன்ல போய் இதச் சொன்னா மொதல்ல உன்னத்தான் உள்ள வெப்பாங்க. உங்க நைனா முகத்த நெனச்சுப் பாரு. நிதானமா யோசி."

"விடியறதுக்குள்ளயே யோசிச்சாச்சு சார்."

கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையைக் கழற்றி ரிஜிஸ்டர்மேல் வைத்தாள். சுந்தரி அதற்குள் வாசலுக்குப் போயிருந்தாள். திரும்பிப் பார்க்காமல் பேசினாள்.

"உன்ன நான் மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன். அது நமக்குள்ள கெடக்கட்டும். இப்ப ஸ்டேஷனுக்கு வரியா?"

"வரேங்க்கா."

வாசலில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். நளினி வெயிலில் இறங்கி, சுந்தரிக்கு இரண்டடி பின்னால், போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் பக்கமாக நடந்தாள்.