ஓடு கரைந்த சிப்பிக் குஞ்சுகள்

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று காலையில் டயானா முதல் பாட்டிலைத் திறந்தாள். அது ஜூலை மாதம் எடுத்த தண்ணீர். அடையாறு கடலில் கலக்கிற முகத்துவாரத்தில், அவளுடைய அப்பாவின் படகிலிருந்து மெல்லிய வலையை இழுத்துப் பிடித்தது. சிப்பி, மட்டி, நத்தைகளின் குஞ்சுகள் அதில் இருக்கும். மணல் துகளைவிடச் சின்னவை. மாதத்துக்கு மாதம் அவை எப்படிக் கூடுகின்றன, குறைகின்றன என்று பார்ப்பதுதான் அவளும் நிஷாவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புராஜெக்ட். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் பாதி மதிப்பெண் அதற்குத்தான்.

ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். ஓடு எதையும் காணவில்லை. வெளிறிய சதைப் பொட்டுகள்தான் அங்கங்கே கிடந்தன. எது சிப்பி, எது நத்தை என்று பிரித்துச் சொல்ல ஓட்டின் வடிவம் வேண்டும். லென்ஸைத் துடைத்தாள், தகட்டை மாற்றினாள். பிறகு ஆகஸ்ட் பாட்டிலைத் திறந்தாள். அதிலும் அப்படித்தான். டிசம்பர் பாட்டில் ஒன்றில் மட்டும் ஓடு போல ஏதோ தெரிந்தது. ஊசியால் லேசாகத் தொட்டதும் அது நொறுங்கிப் போனது.

அப்போதுதான் அவளுக்குப் போராக்ஸ் நினைவு வந்தது.

பிடித்த உயிர்கள் அழுகாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றி வைப்பார்கள். நாள்பட்ட ஃபார்மலின் அமிலமாகிவிடும். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், சிப்பியின் ஓடோ சுண்ணாம்பு. அதனால் ஃபார்மலினில் முதலிலேயே கொஞ்சம் போராக்ஸ் பொடி கலந்துவிட வேண்டும். இதை முதல் வருடப் பரீட்சையில் ஒரு கேள்விக்கு விடையாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் டயானா. ஆனால் ஜூலையில் புதுக் கேனைப் பிரித்த அன்று, படகு கிளம்புகிறது என்று அப்பா போன் செய்ய, அவசரமாகப் பாட்டிலில் நிரப்பிக்கொண்டு ஓடினாள். அதற்குப் பிறகு மாதா மாதம் அதே கேனிலிருந்துதான் ஊற்றினாள். கை தன்பாட்டுக்கு ஊற்றியது, மனசு அந்தப் பக்கமே போகவில்லை. முதல் மாதிரியை மறுநாளே ஒருமுறை பார்த்தபோது ஓடுகள் நன்றாகத்தான் இருந்தன. கரைவதற்கு நாளாகும் அல்லவா.

நிஷா வந்து பையை வைத்ததும் டயானாவின் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு?"

"போராக்ஸ் போடல."

"எந்த மாசம்?"

"எந்த மாசமும்."

நிஷா உட்கார்ந்து தானும் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று பாட்டில்கள். கோட்டூர்புரத்துப் பெண் அவள். இந்தப் புராஜெக்ட் வரும்வரை படகில் ஏறியதில்லை. தண்ணீரின் உப்பும் சூடும் அளப்பது அவள் பங்கு.

"ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுத்துக்கிட்டே அளந்தேன் டயானா. நீ போட வேண்டியது ஒரு ஸ்பூன் பவுடர்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை போலிருந்தது டயானாவுக்கு.

இரண்டு நாள் கழித்து நிஷாவே ஒரு வழி சொன்னாள். அதே முகத்துவாரத்தில் சில வருடங்களுக்கு முன் படித்தவர்கள் எண்ணி வைத்த கணக்கு டிபார்ட்மென்ட் லைப்ரரியில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் அப்படி இப்படி மாற்றினால் யாருக்கும் தெரியாது.

டயானா உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த எண்களை எடுத்துப் பார்க்கக்கூடச் செய்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரி எழுதிப் பார்த்தாள். 'ஆகஸ்டில் சிப்பிக் குஞ்சுகள் மிகுதியாகக் காணப்பட்டன.' அவளுக்குத் தெரிந்தவரை ஆகஸ்டில் இருந்தவை வெளிறிய பொட்டுகள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, "நம்மளால முடியாது நிஷா" என்றாள்.

"உன்னால முடியாது. கெடுத்ததும் நீதான்." நிஷா அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை.

டயானாவின் வீடு பட்டினப்பாக்கத்தில், ஸ்ரீனிவாசபுரத்துக் குடியிருப்பில், முதல் மாடி. ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு. அப்பா செபஸ்தியான் படகின் இன்ஜினைக் கழற்றி வாசலில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். டயானா அவர் எதிரில் குந்தி உட்கார்ந்தாள்.

"நைனா, நீ மாசா மாசம் கூட்டிக்கினு போய் எடுத்ததெல்லாம் கெட்டுப் போச்சி. என் தப்புதான். மருந்து சரியா கலக்கல."

அவர் துணியைக் கீழே வைத்தார். "எல்லாமா?"

"எல்லாந்தான்."

உள்ளேயிருந்து அம்மா ஆரோக்கியமேரி கேட்டாள்: "அப்ப டிகிரி வராதா?"

"ஏப்ரலுக்குள்ள எதுனா குடுக்கலன்னா இந்த வருசம் வராது."

செபஸ்தியான் மறுபடி துணியை எடுத்துக்கொண்டார். "மறுபடியும் போணும்னா சொல்லு" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னார். அது டயானாவுக்கு அழுகையைக் கொண்டுவந்தது. படி இறங்கி முகத்துவாரத்துக்கு நடந்தாள்.

அந்த வாரம்தான் பொக்லைன் வைத்து மணல் மேட்டை வெட்டி ஆற்றின் வாயைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஆறு கறுப்பாக, நாற்றத்தோடு கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று தோன்றாமல் அவள் மணலிலேயே உட்கார்ந்திருந்தாள். நேரம் போனது. கறுப்புத் தண்ணீரின் ஓட்டம் தளர்ந்தது. சற்று நின்றது. பிறகு, யாரோ பின்னாலிருந்து மெல்லத் தள்ளுவதுபோல, பச்சைத் தண்ணீர் கடலிலிருந்து உள்ளே ஏறத் தொடங்கியது. பிறந்ததிலிருந்து பார்த்த காட்சிதான். அன்றைக்கு அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

மாதங்கள் போய்விட்டன, சரி. ஆனால் இது தினமும் நடக்கிறதே. தண்ணீர் ஏறும்போது யார் உள்ளே வருகிறார்கள், இறங்கும்போது யார் மிச்சமிருக்கிறார்கள்? எடுத்த உடனே உயிரோடு பார்த்து எண்ணிவிட்டால் ஃபார்மலினே வேண்டாம்.

புராஜெக்டின் வழிகாட்டி பேராசிரியை அன்வரி பேகம். டயானா சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. கெட்டுப்போன பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"உயிரோட இருக்கிறதை எண்றது கஷ்டம். நிக்காது, ஓடும்."

"தெரியும் மேம்."

"நடந்த தப்பை ரிப்போர்ட்ல முதல் அத்தியாயத்துலயே எழுதணும். மார்க் குறையும். நான் காப்பாத்த மாட்டேன்."

"சரி மேம்."

"நிஷா வராளா?"

"தெரியல மேம்."

அவர் பீரோவைத் திறந்து, பேட்டரியில் ஓடுகிற சின்ன மைக்ரோஸ்கோப்பை எடுத்துக் கொடுத்தார். "இது வெளியில போறதுக்கு நான் பொறுப்பு. மாடிப்படியில கவனம்."

தண்ணீர் ஏறுகிற நேரத்தைப் போட்டு நிஷாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள் டயானா. பதில் வரவில்லை. ஆனால் சனிக்கிழமை விடிந்து, செபஸ்தியான் படகைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, அளக்கும் கருவிகளை மார்போடு அணைத்தபடி நிஷா மணலில் வந்து நின்றாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஏறிக்கொண்டாள். வழக்கம்போல வாந்தியும் எடுத்தாள்.

வலையில் சேர்ந்த தண்ணீரை ஜாடியில் பிடித்துக்கொண்டு இருவரும் டயானா வீட்டு மாடிக்கு ஓடினார்கள். ஜன்னலோரத்து மேசையில் மைக்ரோஸ்கோப்பை வைத்து, ஒரு சொட்டு விட்டு, டயானா குனிந்தாள்.

ஒரு வருடமாக அவளுக்கு இந்தக் குஞ்சுகளைத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள். படங்களிலும் டிபார்ட்மென்டின் பழைய பாட்டில்களிலும் பார்த்தவை எல்லாம் இறுக மூடிய ஓடுகள், செத்துச் சுருண்ட புள்ளிகள். பெயர் சொல்லி எண்ணிக்கை எழுதிவிட்டுத் தள்ளிவிடுவாள்.

இப்போது அந்த ஒரு சொட்டு முழுக்கக் கலவரமாக இருந்தது. கண்ணாடி போன்ற ஏதோ ஒன்று குறுக்கே துள்ளிப் போனது. கறுப்புக் கண்கள் இரண்டு மட்டும் மிதந்து வருவதுபோல ஒரு நண்டுக் குஞ்சு வந்தது. அதன் பின்னால், உருட்டி வைத்தது போன்ற சின்ன ஓட்டுக்குள்ளிருந்து, ஒரு நத்தைக் குஞ்சு வெளியே வந்தது. வந்து, இரண்டு இறக்கைகளை விரித்தது.

இறக்கைகள்தான். வட்டமாக, தண்ணீரைப் போலவே நிறமில்லாமல், ஓரமெல்லாம் மெல்லிய முடிகள் அடுக்காக அலையடித்துக்கொண்டு. அந்த அலையிலேயே அது மேலே எழும்பியது, திரும்பியது, பச்சைத் துகள் ஒன்றை வாய்ப்பக்கம் இழுத்தது. ஓடு அத்தனை தெளிவாக இருந்ததால் விழுங்கிய துகள் உள்ளே போய்ச் சுழல்வதும் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஏதோ சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து கொண்டிருந்தது.

டயானாவுக்கு எண்ணத் தோன்றவில்லை. மூச்சு விட்டால் அது கலைந்துவிடும் போலிருந்தது. புத்தகத்தில் இந்த இறக்கைக்குப் பெயர் உண்டு, அவளும் மனப்பாடம் செய்திருக்கிறாள். ஆனால் இது இப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே என்று நினைத்தாள். அவளுடைய பாட்டில்களில் கரைந்து போனவை எல்லாம் இவைதாம். அது இப்போதுதான் உறைத்தது.

"நிஷா" என்றாள் மெதுவாக, தலையை எடுக்காமல். பிறகு மனசில்லாமல் எழுந்து இடம் விட்டாள்.

நிஷா குனிந்தாள். நெடுநேரம் அசையவில்லை. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே டயானா நின்றாள். கடைசியில் நிஷா கேட்டாள்: "துடிக்கிறது அது இதயமா?"

நடுவில் எத்தனை நாள் பேசாமல் இருந்தாள் என்பதை அவளே அந்த நேரம் மறந்திருக்க வேண்டும்.

மீன் விற்றுவிட்டு வந்த ஆரோக்கியமேரி கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தாள். இரண்டு பெண்களும் ஒரு ஜாடியைச் சுற்றி நிற்பதைப் பார்த்து, "இன்னா கீது அதுல?" என்றாள்.

"வந்து பாரும்மா. ஒரு கண்ண மூடிக்கோ."

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். முதலில் தன் இமை முடிதான் தெரிகிறது என்றாள். பிறகு கண்ணை இன்னும் நெருக்கி வைத்தாள்.

"இது உசுரோட கீதா?"

"ஆமா."

"றெக்கை மாதிரி ஆட்டிக்கினு கீதே. இன்னாது?"

"நத்தைக் குட்டிம்மா. பக்கத்துல மூடி மூடித் தொறக்குது பாரு, அது மட்டிக் குட்டி."

ஆரோக்கியமேரி தலையைத் தூக்கி ஜாடியைப் பார்த்தாள். அதில் வெறும் தண்ணீர், லேசாகக் கலங்கல். மறுபடி குனிந்து பார்த்தாள். மறுபடி ஜாடியைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள், சர்ச்சுப் பூசைக்குப் போகும்போது போடுவதுபோல. அதைச் செய்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை.

"இத்தினி வருசம் இந்தத் தண்ணியில நின்னுக்கினு மீனு கழுவினேன்" என்றாள்.

பக்கத்து வீட்டுக் கெங்கம்மாவை அவள்தான் போய்க் கூப்பிட்டாள். கெங்கம்மா பார்த்துவிட்டு, "நம்ம ஆத்துத் தண்ணியா? பஸ்ல போறவன் மூக்க மூடிக்கினு போறானே, அந்த ஆறா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். டயானா ஒவ்வொரு சொட்டாக மாற்றி மாற்றி வைத்தாள். எண்ணும் வேலை நின்றுபோனது. ஆனால் நிஷாவும் அவசரப்படுத்தவில்லை.

பிற்பகல் தண்ணீர் இறங்கியதும் மறுபடி படகில் போனார்கள். இந்த முறை வலையில் வந்தது கறுப்பு. சொட்டுக்குச் சொட்டு வெறும் கசடுதான். ரொம்ப நேரத்துக்குப் பிறகு ஒரு மட்டிக் குஞ்சு கிடைத்தது, பாதி மூடி, ஓரத்தில் ஒரு முடி வரிசை மட்டும் அசைந்தபடி. சாகவில்லை. அடுத்த ஏற்றம் வரும்வரை மூடிக்கொண்டு காத்திருக்கிறதோ என்று டயானா நினைத்தாள். அப்படித் திட்டமாகச் சொல்ல அவளிடம் ஆதாரம் இல்லை. தேட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

வேலை முடிந்து ஜாடியைச் சமையலறைத் தொட்டியில் கொட்டப் போனபோது அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாக்கடையில ஊத்தாதடி. கொண்டுபோய்த் தண்ணியிலயே உடு."

அதன் பிறகு மார்ச் வரை வகுப்பில்லாத நாளெல்லாம் அதே வேலைதான். ஏற்றத்தில் ஒருமுறை, இறக்கத்தில் ஒருமுறை. எண்ணக் கற்றுக்கொண்டார்கள். ஓடுகிறவற்றை இரண்டு பேரும் மாறி மாறி எண்ணி, கணக்கு ஒத்துப்போகாவிட்டால் மறுபடி எண்ணினார்கள். ரிப்போர்ட்டின் முதல் அத்தியாயத்தில் கெட்டுப்போன மாதிரிகளைப் பற்றி டயானா எழுதினாள். யாருடைய தவறு என்பதையும் எழுதினாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் வேதாந்தம் என்ற வயதான பேராசிரியர். முதல் அத்தியாயத்தை விட்டு நகரவே மாட்டேன் என்றார். போராக்ஸ் ஏன், எவ்வளவு, எப்போது என்று துருவித் துருவிக் கேட்டார். டயானா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஆறு மாத விவரத்தை இழந்த புராஜெக்டுக்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று அவள் எதிரிலேயே அன்வரி பேகத்திடம் கேட்டார். அன்வரி பேகம், அது உங்கள் முடிவு என்று சொல்லிவிட்டார்.

பிறகு நிஷா, காலையில் பிடித்து வந்த தண்ணீரில் ஒரு சொட்டை வைத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். வெளியே அடுத்த மாணவர்கள் காத்திருந்தார்கள். அவர் நிமிரவில்லை. தகட்டை நகர்த்தும் திருகை ஒரு விரலால் மெல்லச் சுழற்றி எதையோ பின்தொடர்ந்து போய்க்கொண்டிருந்தார். வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

தேர்ச்சி பெற்றார்கள். வகுப்பிலேயே குறைவான மதிப்பெண்களில் ஒன்று அவர்களுடையது. நிஷா ஆசைப்பட்ட ஆராய்ச்சி நிலையத்தில் அந்த மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்காது என்பது முடிவு வந்த அன்றே தெரிந்துவிட்டது. அடையாறு டிப்போவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளே அதைச் சொன்னாள்.

"உன்மேல கோவம் இன்னும் போகல."

"தெரியும்."

"போகுமான்னும் தெரியல."

டயானா தலையாட்டினாள். பஸ் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நிஷா பையைத் தோளில் சரிசெய்துகொண்டு சாலையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கி, விரல்களை விரித்து, ஓரமெல்லாம் அலையடிப்பதுபோல ஒவ்வொன்றாக அசைத்தாள்.

"இப்படியா, இல்ல இதைவிட வேகமா?" என்று கேட்டாள்.

"இதைவிட வேகமா" என்றாள் டயானா.