ஏழுமலைக்குச் சொன்ன சமாதானம்

அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்த வேலுமணிக்கு, சம்பளம் வாங்குவதற்குத்தான் அந்த வேலை. மற்றபடி அவன் நாடக ஆசிரியன். அப்படித்தான் அவன் தன்னை நினைத்துக்கொண்டிருந்தான். ஊரும் அப்படி நினைக்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை.

அந்த வருஷப் பொங்கல் விழாவுக்கு அவன் எழுதியது ஒரு எஸ்டேட் வாட்ச்மேனின் கதை. வாட்ச்மேனை ஊரே போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று நினைத்துவிடுகிறது. அது அவனுக்கு மட்டும் தெரியாது. வாட்ச்மேன் வேஷம் ஏழுமலைக்கு. ஏழுமலை அரவேணுவில் மளிகைக் கடை வைத்திருந்தான். ஆனால் நாடகம் என்றால் கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்துவிடுவான்.

ஒத்திகையில்தான் தகராறு வந்தது.

"சல்யூட் அடிக்கறாங்க, நாற்காலி போடறாங்க, பன்னும் டீயும் தர்றாங்க. எதுக்குன்னு இவனுக்கு ஒரு சந்தேகமும் வராதா? இப்படியொரு மடையனா என்னால நடிக்க முடியாது" என்றான் ஏழுமலை.

"அவன் மனசுக்குள்ள நின்னு பாரு, தெரியும். அதுக்கு மண்டையில கொஞ்சம் சரக்கு வேணும்" என்று சொல்லிவிட்டான் வேலுமணி.

ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவன்தான். அதற்குப் பிறகு ஒத்திகைக்கு வரவில்லை. வேறு ஆளைப் போட்டுப் பார்த்தார்கள். வசனம் வாயிலிருந்து வந்து காலடியில் விழுந்தது. வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலுமணி தொழிற்சாலைக் காக்கியை மாட்டிக்கொண்டு, குன்னூரில் பஸ் மாறி, அரவேணுவில் போய் இறங்கினான். சமாதானத்துக்குக் கையில் ஒரு பரிசும் இருந்தது. வாட்ச்மேனுக்காகப் புதிதாகச் செய்த மரத் துப்பாக்கி. சாக்கில் சுற்றியிருந்தாலும் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஆள் தெரியாத மூடுபனி. ஏழுமலை கடைக்கு எதிரே ஒரு கும்பல் நின்றது. அதிலிருந்து டீக்கடைக் குப்புசாமி ஓடி வந்தார்.

"ஏனுங்க, வந்துட்டீங்களா! உங்களைத்தானுங்க எதிர்பார்த்துட்டு இருக்கறோம்."

வேலுமணிக்கு உடம்பு சிலிர்த்தது. "என்னைத் தெரியுங்களா?"

"பார்த்தாலே தெரியுதுங்களே! பஸ்லயா வந்தீங்க? ஜீப் குடுக்கலீங்களா?"

ஒரு எழுத்தாளனுக்கு ஜீப் கொடுக்க வேண்டும் என்று தோன்றுகிற ஊர் இருக்கிறதே என்று அவன் நெகிழ்ந்து போனான். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். குப்புசாமி ஏலக்காய் டீயை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இதுவரைக்கும் எத்தனை முடிச்சிருப்பீங்க?"

"பத்து இருக்கும். ஒண்ணுல மட்டும் சனங்க பாதியில எந்திரிச்சு ஓடிட்டாங்க."

"ஓடத்தானுங்க செய்வாங்க" என்றார் குப்புசாமி ஆறுதலாக. வேலுமணிக்குச் சுருக்கென்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல் கடையைப் பார்த்தான்.

"உள்ளேதான் இருக்கறானா?"

"பின்கட்டு குடோன்லதானுங்க. விடிஞ்சதுல இருந்து வெளிய வரமாட்டேங்குது. வெல்லம் பூரா காலி. உறுமிக்கிட்டே கெடக்குது."

கோபம் வந்தால் ஏழுமலை இனிப்பு தின்பான் என்பது வேலுமணிக்குத் தெரியும். இந்த அளவுக்கா மனம் உடைந்திருக்கிறான்? அவன் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான்.

"நான் போய்ப் பேசறேன். அடங்கிடுவான்."

"பேசியேவா?" கும்பல் வாயைப் பிளந்தது. "அப்ப அந்தத் துப்பாக்கிங்க?"

"அது சும்மா. ஒரு தோரணைக்கு."

குப்புசாமி கையெடுத்துக் கும்பிட்டார். அவன் உள்ளே போனதும் வெளியே தாழ் விழுந்தது.

குடோன் இருட்டாக இருந்தது. நனைந்த கம்பளி நாற்றம். மூட்டைகளுக்குப் பின்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, கறுப்புப் போர்வைக்குள் ஏழுமலை குந்தியிருந்தான். வேலுமணி ஒரு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தான். முகத்தைப் பார்க்காமல் பேசுவது அவனுக்கும் சௌகரியமாக இருந்தது.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புதான்டா. உன் மண்டையப் பத்திப் பேச எனக்கு என்ன யோக்கியதை?"

உறுமல் கேட்டது.

"கோபப்படு, நியாயந்தான். உண்மையச் சொல்றேன். நான் எழுதறது வெறும் காகிதம். நீ வந்து நின்னாத்தான் அதுக்கு உசிர் வருது. சனங்க கை தட்டறது உனக்குத்தான்னு எனக்குத் தெரியும். இத்தனை நாள் அத ஒத்துக்க மனசு வரல. இந்தா, துப்பாக்கி உனக்குத்தான். வாங்கிக்க."

ஏழுமலை திரும்பினான். மூக்கு நீளமாக இருந்தது. அதில் வெல்லம் ஒட்டியிருந்தது. துப்பாக்கியை வாங்க நீண்ட கையில், விரலுக்கு விரல் அரிவாள் மாதிரி நகம்.

வேலுமணி எழுதிய அத்தனை வசனங்களிலும் ஒன்றுகூட அந்த நேரத்துக்கு உதவவில்லை. கையிலிருந்த துப்பாக்கி நழுவி, காலி எண்ணெய் டின்களின் அடுக்கின் மேல் விழுந்தது. டமார் என்று மொத்த அடுக்கும் சரிந்தது. அவனைவிடப் பயந்துபோன கரடி, பின்கதவைப் பலகையோடு பெயர்த்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் பாய்ந்து மறைந்தது.

"சுட்டுட்டாருங்க!" என்று வெளியே சத்தம் எழுந்தது.

"போயிருச்சா?" என்று தலைக்கு மேலே, பரணிலிருந்து, ஒரு நடுங்கும் குரல்.

உண்மையான ஏழுமலை புளிமூட்டைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். காலையில் சரக்கெடுக்க ஏறியவன், கரடி உள்ளே வந்ததும் அங்கேயே படுத்துவிட்டிருந்தான்.

"கரடின்னு கத்தக் கூடாதாடா பாவி?"

"கத்தினா மேல பார்க்குமே!" ஏழுமலை இறங்கி வந்தான். "ஏண்டா, ஒரு தடவைகூட உனக்குச் சந்தேகம் வரலையா?"

"உன்னைத் தேடி வந்தேன். நீதான்னு தெரிஞ்சுது" என்றான் வேலுமணி. பல் இன்னும் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

ஏழுமலை சரிந்த டின் ஒன்றை நிமிர்த்தி வைத்தான். "கரடிகிட்டச் சொன்னியே, எல்லாம் நெசமா?"

"கரடின்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனா?"

ஏழுமலை துப்பாக்கியை எடுத்துத் துடைத்தான். அதைத் தோளில் சாய்த்து ஒருமுறை நின்று பார்த்தான். "ஒத்திகை இன்னைக்குத்தானே? வர்றேன், போ" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

வெளியே வந்ததும் கும்பல் வேலுமணியைத் தூக்காத குறைதான். "நான் வேட்டைக்காரன் இல்லீங்க, நாடகம் எழுதறவன்" என்று அவன் கெஞ்சினான்.

"பெரிய ஆளுங்கல்லாம் இப்படித்தானுங்க அடக்கமாப் பேசுவாங்க" என்றார் குப்புசாமி.

அப்போதுதான் வனத்துறை ஜீப் வந்து நின்றது. இறங்கிய காட்டிலாகா ஆள் நடந்ததைப் பொறுமையாகக் கேட்டார். துப்பாக்கியை வாங்கித் தட்டிப் பார்த்தார். மரம் டொக்கென்றது. வேலுமணியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தார்.

"கீழ்த் தோட்டத்துல இன்னொண்ணு இருக்குதுங்க, குட்டியோட. வந்து ரெண்டு வார்த்தை பேசிப் பார்க்கறீங்களா?"

வளைவில் குன்னூர் பஸ் ஹாரன் அடித்தது. வேலுமணி துப்பாக்கியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினான். குப்புசாமியிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கத்திக்கொண்டே ஏழுமலையும் பின்னால் ஓடினான்.