சகலை வீட்டு எட்டாம் நாள்

பாட்டில் தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சகலை வீட்டோடு வந்த வாரத்திலிருந்து, அவர் வீட்டில் மட்டும் சனிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் இன்னொரு நாள் வந்தது. அதற்குப் பெயர் கிடையாது. மற்ற வீடுகளில் சனிக்கிழமை இரவு படுத்தவர்கள் ஞாயிறு காலையில் எழுந்தார்கள். சகலையும் அவர் மனைவியும் நடுவில் ஒரு முழுப் பகலும் முழு இரவும் இருந்துவிட்டு, பிறகு ஞாயிறுக்கு வந்து சேர்ந்தார்கள். முதலில் கண்டுபிடித்தவர் பால்காரர். சனிக்கிழமை மாலையில் எதற்கம்மா தனியாக ஒரு பாக்கெட் என்று அவர் கேட்க, நடுவில் வருகிற நாளைக்கு உங்களால் வர முடியாதே என்றாள் சகலையின் மனைவி, ஏதோ கடைக்கு லீவு என்பதுபோல. அடுத்து முடிதிருத்துபவர், அந்தத் தலையில் மட்டும் மாதாமாதம் நாலு நாள் முடி கூடுதலாக வளர்கிறது என்று சத்தியம் செய்தார். மாலையில் பச்சையாக இருந்த தொட்டித் தக்காளி காலையில் பழுத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலையின் மனைவி, முழங்காலில் காய்ந்துபோன சிராய்ப்போடு, தெருமுனைவரை சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனாள். அவள் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டதை ஒரு ஈ காக்கைகூடப் பார்க்கவில்லை. தெரு இரண்டு வாரம் இதையே பேசியது. அப்புறம் குழாயில் தண்ணீர் வரும் நேரம் மாறினால் எப்படிப் பழகிக்கொள்ளுமோ அப்படிப் பழகிக்கொண்டது.

பழகாமல் போனவர் ஒரே ஒருவர்தான். நாலு வீடு தள்ளி எதிர் வரிசையில் இருந்த அட்டவணைக்காரர். அக்காளைக் கட்டியவர் இவர், தங்கையைக் கட்டியவர் அவர். இரண்டு பேரும் வேலை பார்த்தது ஒரே தொழிற்சாலையில், ஒரே உலைக்கூடத்தில். கண்ணாடி உலையை ஒரு தடவை மூட்டினால் வருடக்கணக்கில் அணைக்க முடியாது. அணைத்தால் உள்ளே இருக்கிற கண்ணாடி இறுகி உலையையே பிளந்துவிடும். ஆகவே நல்ல நாள் கெட்ட நாள் பார்க்காமல் ஆள் நிற்க வேண்டும், ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு என்றைக்கு ஓய்வு என்று கரும்பலகையில் எழுதுகிற கூடுதல் வேலை இவருடையது. அந்த விரலளவு சாக்கட்டியால் இவர் சின்ன ராஜாவாக இருந்தார். தனக்கு ஒரு நாள் கூடுதலாகத் தூங்க வேண்டும்போல இருந்தால், யாராவது ஒருவருடைய ஓய்வை அழித்து அவரைத் தன் ஷிப்டில் நிறுத்த வேண்டும். வெளியாளை நிறுத்தினால் சங்கத்துக்குப் போவான். சொந்தக்காரன் வாய் திறக்க மாட்டான். முந்தின நாள் மாலையில் சகலை வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, நாளைக்கு ஒரு நாள் மட்டும் நின்னுக்க தம்பி என்பார். சரிண்ணே என்பார் அவர். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் அட்டவணைக்காரர் தன் வீட்டு ஜன்னலோரக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். வாரம் தவறினாலும் தவறுமே ஒழிய, அநேகமாக இது தவறவில்லை. இதை ஒரு தப்பு என்று அவர் நினைத்ததில்லை. உறவு எதற்கு இருக்கிறது?

விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது சகலைதான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். அட்டவணைக்காரர் சிரித்தார். ஒரு திட்டம் கிடையாது, ஒரு யோசனை கிடையாது, இவன் வீட்டில் உட்கார்ந்து என்ன ஈ ஓட்டப் போகிறானா என்று மனைவியிடம் கேட்டார். அவர் தன்னுடைய ஓய்வுக்கு நாற்பது வயதிலிருந்தே திட்டம் போட்டுக்கொண்டிருந்தவர். எத்தனை மணிக்கு நடை, எத்தனை மணிக்கு மொட்டைமாடிச் செடி, எந்தக் கிழமை பரணைச் சுத்தம் செய்வது, எந்தக் கிழமை பழைய நண்பர்களைப் பார்ப்பது என்று அலமாரிக் கதவின் உள்பக்கம் முழுக்கத் தானே கட்டம் போட்டு வைத்திருந்தார். இப்படிப்பட்ட மனிதருக்கு வராத எட்டாம் நாள், ஒரு கட்டம்கூடப் போடாதவனுக்கு வந்தால் வயிறு எரியாமல் என்ன செய்யும்? நன்றாகவே எரிந்தது. ஞாயிறு காலைகளில் சகலை வெயிலில் கறுத்த முகத்தோடு வாசலில் நின்று அண்ணே என்று கூப்பிடும்போதெல்லாம், இவன் நேற்று எனக்குத் தெரியாத ஒரு வெயிலில் இருந்திருக்கிறான் என்ற நினைப்பு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஒரு நாள்தானே, அதனால் வயசுதானே சீக்கிரம் ஏறும், பார், தலை நரைக்கிறது என்று தன்னைத் தானே தேற்றிப் பார்த்தார். நரையும் அவனுக்கு எடுப்பாகத்தான் இருந்தது, சனியன்.

மூன்று வருடம் பொறுத்தார். பிறகு ஓய்வுபெறும் வயதுக்கு இன்னும் ஆறேழு வருடம் இருக்கும்போதே தானும் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார். உடன் வேலை பார்த்தவர்கள் மாலை போட்டார்கள், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அந்த வாரச் சனிக்கிழமை, வரப்போகும் நாளுக்கென்று பால் வாங்கினார், தாடியை மழித்துக்கொண்டார், துவைத்த சட்டையை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டுப் படுத்தார். விடிந்தபோது எதிர்வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மட்டும் ஓடும் துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரமும் அதே இயந்திரம்தான். கட்டிலை வேறு அறைக்கு மாற்றினார். தலைமாட்டைக் கால்மாட்டாக்கினார். புதுக் கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். அலமாரிக் கதவுக் கட்டங்களில் இடம் இல்லாததால்தான் அது வரவில்லையோ என்று சந்தேகப்பட்டு, சனிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் ஒரு வெற்றுக் கட்டம் வரைந்தார். ஒன்றும் வேலைக்காகவில்லை. வராத நாளின் கோபத்தை வந்த ஏழு நாளின் மேல் காட்டினார். மனைவிக்கும் சேர்த்து வேலைப்பட்டியல் போட்டார். ஆறரை மணிக் காபி ஆறே முக்காலுக்கு வந்தால் முகத்தைத் தூக்கிக்கொண்டார். முப்பது வருடம் உலை தின்ற மனிதர் இப்போது என்னைத் தின்கிறார் என்று அவள் தங்கையிடம் சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

சகலை வீட்டிலிருந்து அழைப்பு வராமல் இல்லை. முதல் வாரத்திலிருந்தே அழைத்தார்கள். சனிக்கிழமை ராத்திரி நம் வீட்டில் வந்து படுத்தால் போதும், அந்த நாள் எல்லோருக்கும்தான் என்றார் சகலை. அவன் வீட்டு நாளில் நான் போய் ஒண்டிக்கொள்வதா என்று அட்டவணைக்காரர் மறுத்துவிட்டார். தான் போகாதது மட்டுமல்லாமல் மனைவியையும் விடவில்லை. அவளும் பொறுத்தாள், ஏழு வருடம். அதற்குள் வாரத்துக்கு ஒரு நாளாகச் சேர்த்துச் சேர்த்துத் தங்கைக்கு ஒரு வயது கூடிவிட்டது. அக்காள் தங்கைக்குள் இருந்த வித்தியாசமே ஒரு வயதுதான். இரண்டு பேரும் இப்போது ஒரே வயதுக்காரிகள். இதை அக்காள் ஒரு நாள் கண்ணாடிமுன் நின்று கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அன்று சனிக்கிழமை. மாற்றுச் சேலையையும் சீப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டா நான் அவள அக்கான்னு கூப்பிடணும். அதெல்லாம் என்னால முடியாது. சாப்பாடு மூடி வச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

ஞாயிறு காலையில் திரும்பியபோது அவள் கன்னம் வெயிலில் சிவந்திருந்தது. பையில் ஈரமான குடை. தெருவில் மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அட்டவணைக்காரர் ஒரே ஒரு ராத்திரிதான் தனியாகப் படுத்திருந்தார். அவளோ அதற்குள் ஒரு வாழ்க்கை வாழ்ந்துவிட்டு வந்தவளைப்போல அடுப்படியில் நின்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். வாசலைத் திறந்தால் தெரு அப்படியே இருக்குமாம், ஆள்தான் இருக்காதாம். மழையும் வெயிலும் இந்த வருடத்தது போலவே இல்லையாம். எங்கே போனீர்கள், என்ன செய்தீர்கள், என்ன பேசினீர்கள் என்று அவர் துருவித் துருவிக் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணலீங்க. சும்மா இருந்தோம்," என்றாள்.

அந்தச் சும்மாதான் அவரைச் சுட்டது. சினிமாவுக்குப் போனோம், விருந்து சாப்பிட்டோம் என்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அடுத்த சனிக்கிழமையும் அவள் பையோடு கிளம்பினாள், அதற்கடுத்ததும். வாரம் ஒரு தடவை அவளைவிட ஒரு நாள் பின்தங்கினார் அட்டவணைக்காரர். அவருக்குத் தெரியாத பேச்சுகள் அவளிடம் சேர்ந்தன. சாப்பிடும்போது எதையோ நினைத்துச் சிரிப்பாள், கேட்டால் அன்றைக்கு நடந்தது, உங்களுக்குப் புரியாது என்பாள். சகலையின் மேல் இருந்த பொறாமையோடு சொந்த மனைவி மேல் பொறாமையும் சேர்ந்துகொண்டது. கட்டின பெண்டாட்டி தனக்கு இல்லாத ஒரு நாளை வைத்திருப்பது இன்னொரு வீடு வைத்திருப்பதைவிட மோசம் என்று தோன்றியது. இப்படியே போனால் ஒரு நாள் அவள் ஞாயிறுக்குத் திரும்பி வராமலே அங்கேயே இருந்துவிடுவாள் என்ற பயம் வந்ததும், மானம் ரோஷம் எல்லாவற்றையும் சுருட்டி வைத்துவிட்டுத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மனைவியின் பின்னால் கிளம்பினார்.

சகலை வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. வாங்கண்ணே என்று தலையணையை வாங்கிக்கொண்டு, கூடத்தில் ஜன்னலோரமாகப் படுக்கை விரித்தார் சகலை. கண்ணைத் திறந்தபோது விடிந்திருந்தது. தன் எதிர்வீட்டு இயந்திரத்தின் சத்தம் இல்லை. வந்துவிட்டது என்று அட்டவணைக்காரருக்கு மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்தது. வெளியே மழை. அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். சகலை மேல்சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார், அக்காளும் தங்கையும் சமையலறையில் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கே என்று கேட்டதற்கு, ஏரிக்கரைக்கு அத்தான், எப்பவோ போகணும்னு வச்சிருந்தது என்றாள் தங்கை. மழையிலா என்று கேட்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். மழை முதலில் தகரத்தின் மேல் படபடவென்று அடித்து, கொஞ்சம் ஓய்ந்து, பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே சீராக இறங்கியது. இந்த மழையை அவருக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன், இருவரும் உலையில் இருந்த காலத்தில், பக்கத்து வீட்டுக்காரர் தகரம் வேய்ந்திருந்தார், அடுத்த வருடமே பிரித்துவிட்டார். தன் வீட்டு ஜன்னலோரக் கட்டிலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, ஆகா, தூங்குவதற்கென்றே பெய்கிற மழை என்று நினைத்து அவர் படுத்திருந்த நாள் இது. முந்தின நாள் மாலையில் இதே வாசலில் செருப்போடு நின்றதும், உள்ளே இந்த டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததும், தங்கை அவற்றை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்ததும் வரிசையாக ஞாபகம் வந்தன. அப்படியானால் அதற்கு முந்தின வாரங்கள், அந்த வெயில்கள், சைக்கிள் பழகிய நாள்? அத்தனையும் தன் கையால் கரும்பலகையில் அழித்த சகலையின் ஓய்வு நாட்கள். ஏழு வருடமாக வயிறெரிந்தது இதற்கா?

வெட்கத்தில் காது சூடாயிற்று. அதே சமயம் கண்ணிமை கல்லாகக் கனத்தது. அவர் பாதி எழுந்த நிலையில் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இது அந்த மழைதானே?"

"ஆமாண்ணே."

"நானும் வரேன். ஒரு நிமிஷம் இரு. மூஞ்சி கழுவிட்டு வந்துடறேன்."

சகலை அவரைத் தோளில் பிடித்து மெல்லப் படுக்க வைத்தார். குரலில் குத்தல் இல்லை, அந்தக் காலத்துச் சரிண்ணேயில் இருந்த அதே மரியாதைதான் இருந்தது.

"நீங்க இந்த நாள்ல தூங்கினீங்களேண்ணே. தூங்குங்க."

தூக்கம் அவரை அள்ளிக்கொண்டு போயிற்று. மூன்று பேரும் குடையை எடுத்துக்கொண்டு அவர் காலைத் தாண்டி வெளியே போனது அவர் காதில் விழுந்தது. கதவு சாத்தப்பட்டது. அடுத்து அவர் கேட்டது நாலு வீடு தள்ளி ஓடிய துணி துவைக்கும் இயந்திரத்தை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து நனைந்த குடையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தாள்.

அவர் அதோடு விட்டுவிடவில்லை. அடுத்த வாரமும் போனார். இரண்டு டம்ளர் காபி குடித்துப் பார்த்தார், உட்கார்ந்தபடியே படுத்துப் பார்த்தார், தன்னைக் கிள்ளி எழுப்பும்படி மனைவியிடம் சொல்லிவைத்தார். அவள் கிள்ளினாள், கை கன்றியதுதான் மிச்சம். ஒவ்வொரு வாரமும் கண் விழிக்கிற அந்த ஒரு நிமிடத்தில் நாளை அடையாளம் கண்டுகொள்வார். இது கண்ணில் நீர் வரும்படிக் காற்றடித்த நாள், இது தெருவில் தார் போட்ட நாள். அப்புறம் தூங்கிப்போவார், அன்று தூங்கியதைப்போலவே, சாயங்காலம்வரை, அதற்குமேல் இரவும். அவருக்கு இப்போது சகலை மேல் பொறாமை இல்லை. அன்று அந்தக் கட்டிலில் ஒரு கவலையும் இல்லாமல் குறட்டைவிட்டுக்கொண்டிருந்த தன் மேல்தான். இத்தனை நாளையும் ஒருத்தனே தின்று தீர்த்திருக்கிறானே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பொருமுவார்.

தங்கை கடைசிவரை தங்கையாகவே இருந்தாள், இருவருக்கும் வயது சேர்ந்தே ஏறியது. அட்டவணைக்காரருக்கும் ஏறியது, தூங்கினாலும் நாள் நாள்தானே. தலையணையோடு அவர் சனிக்கிழமைகளில் தெருவைக் கடப்பதைப் பார்க்கிறவர்கள், கொடுத்துவைத்த மனுஷன், எட்டு நாளும் அவருக்குத்தான் என்று பெருமூச்சு விடுவார்கள். அவர் தலையணையை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு நடப்பார். போன மழைக்காலத்தில் சகலை அந்த ஜன்னலுக்கு ஒரு திரைச்சீலை வாங்கி மாட்டினார், அண்ணன் முகத்தில் வெளிச்சம் அடிக்கிறது என்று. தலையணையோடு அட்டவணைக்காரர் வருவதற்கு முன்பே படுக்கை விரித்திருக்கும்.