ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில், பக்கத்து இருக்கையில் கிடைத்தது. கொடுத்தவர் இருதயமேரி. திண்டிவனத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனக் கிளையில் காசாளர்.

"நீங்க கதை எழுதறவரு தானே சார்? சிரிப்பா எழுதுவீங்களாமே. நான் ஒண்ணுகூடப் படிச்சதில்ல. நல்லாத்தான் இருக்கும்."

என் இலக்கியச் சேவைக்கு இதைவிட நேர்மையான விமர்சனம் வந்ததில்லை. நன்றி சொன்னேன். அந்தத் தெம்பில் அவர் தன் அலுவலகத்து மலர்விழியின் கதையை ஆரம்பித்தார்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

அதிகாலைப் பனியில் திண்டிவனம் மெல்லக் கண்விழித்தபோது மலர்விழியின் மனத்தில்—

(திண்டிவனம் பேருந்து நிலையம் தூங்கினால்தானே கண்விழிக்க? அடித்துவிட்டேன்.)

கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மலர்விழி விசும்பினாள். அவளுடைய—

(மலர்விழி அழவே இல்லை என்கிறார் இருதயமேரி. பெண்ணை அழவைத்தால் கதைக்கு ஈரம் கிடைக்கும், எனக்குப் பரிசு கிடைக்கும் என்றொரு சபலம். இன்னொன்றையும் கவனித்தேன். அந்த வரைவு முழுக்க மேலாளர் 'அவர்', மலர்விழி 'அவள்'. திருத்திவிட்டேன்.)

3

மலர்விழி முகையூர்ப் பக்கத்துக்காரர், கிளையின் துணை மேலாளர். மேலாளர் ஜெகதீசன் பதவி உயர்வில் விழுப்புரம் போகிறார். காலியாகும் நாற்காலிக்கு வரிசைப்படி அடுத்தவர் மலர்விழி. அவருக்குப் பின்னால்தான் ராஜ்குமார்.

பாராட்டுவதில் ஜெகதீசன் வள்ளல்.

"இந்தப் பொடவைல கொஞ்சம் கலரா தெரியிற மலரு!"

"மெயில்ல இங்கிலீஷ் சூப்பரும்மா. யாரு எழுதிக் குடுத்தது?"

"சொன்னாத்தான் முகையூர் பக்கம்னு தெரியுது. பாத்தா தெரியவே இல்ல!"

(என்ன தெரியவில்லை? அலுவலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.)

ஒவ்வொன்றுக்கும் மலர்விழி சிரித்துவைத்தார். சம்பளம் வாங்குகிற இடத்தில் சிரிப்பும் ஒரு வேலைதான், யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஜெகதீசனை வில்லனாக்கிவிட முயன்றேன். நடக்கவில்லை. மலர்விழியின் அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது ஓடிப்போய் இரத்தம் கொடுத்தது இந்த ஆள்தான். கெட்டவராக இருந்து தொலைத்திருந்தால் எனக்கு வேலை மிச்சம். பெரிய பேஜாரு.

4

அன்று விழுப்புரத்திலிருந்து மண்டல அதிகாரி போனில் வந்தார். மேலாளர் அறையில் ஏதோ கையெழுத்துக்காக மலர்விழியும் இருதயமேரியும் நின்றிருந்தார்கள். பேச்சு மலர்விழியைப் பற்றி என்றதும் ஜெகதீசன் கண்ணடித்து, ஸ்பீக்கரைப் போட்டார். தன் புகழைத் தானே கேட்கட்டுமே என்ற நல்லெண்ணம்.

"அந்தம்மா எப்படிய்யா?"

"தங்கமான பொண்ணு சார். நாம இன்னா சொன்னாலும் சிரிச்சிக்கினே போய்டும். கோவமே வராது."

"அடப்பாவமே. மேனேஜர் சீட்ல ஒக்கார்றவங்களுக்குக் கொஞ்சம் அதட்டல் வேணுமேய்யா. ராஜ்குமாரு?"

"அவன் எல்லார்கிட்டயும் வள்ளுனு உழுவான் சார்."

"அதான் வேணும். அப்ப அவன் பேரையே அனுப்பிடட்டுமா?"

ஜெகதீசன் மலர்விழியைப் பார்த்துப் பெருமையோடு கிசுகிசுத்தார்: "பாத்தியா மலரு? உன்னப் பத்தி ஒரு வார்த்த தப்பா சொல்லல."

இருதயமேரி இந்த இடத்தில் மூச்சு வாங்கினார். "அப்ப மலரு இன்னா செஞ்சிச்சி தெரியுமா சார்..."

"விக்கிரவாண்டி எறங்கு! ஜல்தி, ஜல்தி!" என்றார் நடத்துநர். இருதயமேரி பையை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டார்.

5

ஆக, முடிவு என்னிடம் இல்லை. செய்து பார்த்தவை இவை.

மலர்விழி சிரிக்கிறார். (ஜெகதீசன் சொன்னது நிரூபணமாகிறது. நாற்காலி போச்சு.)

மலர்விழி கத்துகிறார். "இன்னாய்யா, அந்தம்மாக்கு இவ்ளோ கோவம் வருது? ஆவாதுய்யா" என்கிறது ஸ்பீக்கர். (ராஜ்குமாருக்கு வந்தால் அதட்டல், இவருக்கு வந்தால் கோபம். நாற்காலி போச்சு.)

மலர்விழி போனருகே குனிந்து நிதானமாகச் சொல்கிறார்: "எங்க சாரும் தங்கமானவருதான் சார். எது பேசினாலும் மனசுல ஒண்ணும் இருக்காது. தலையிலயும்."

இதை எழுதிவிட்டு நானே சிரித்தேன். பிறகு அடித்தேன். அது மலர்விழியின் குரல் அல்ல, கைதட்டலுக்கு அலையும் என் குரல். கைதட்டல் எனக்கு வந்துவிடும், நாற்காலி ராஜ்குமாருக்குப் போய்விடும். அப்புறம் எனக்கும் ஜெகதீசனுக்கும் என்ன வித்தி—

6

ஸ்பீக்கர் இன்னும் அணையவில்லை.

"ஹலோ? லைன்ல இருக்கியாய்யா? அனுப்பிடட்டுமா?"

மலர்விழி எந்தப் பதில் சொன்னாலும் அது அவருக்கு எதிராகவே எழுதப்படும். ஜெகதீசன் இன்னும் பாராட்டத்தான் போகிறார். இருதயமேரி இறங்கிவிட்டார். நான் வாயைத் திறந்தால் நகைச்சுவையாகிவிடும். இவ்வளவு நேரமாக அந்த அறையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இதுவரை ஒரு வார்த்தை பேசாத ஆள் நீங்கள் ஒருவர்தான்.

கதை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.