பச்சை அட்டை

குன்றக்குடிக்குப் போன வேன் கவிழ்ந்து, காலை பத்தரைக்கு இருபத்துமூன்று பேரைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார்கள். காயத்துக்குத் தகுந்தபடி கையில் கட்டிவிடும் வண்ண அட்டைக் கட்டை டாக்டர் அருள்பாண்டி நிவேதாவிடம் கொடுத்தார். வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகாதவள். பதினாறு வருஷமாக நர்ஸாக இருக்கும் அகிலாவிடம், "சிஸ்டர், நீங்க பச்சைப் பக்கம் பாத்துக்கங்க" என்றார். பச்சை என்றால் சிராய்ப்பு, சுளுக்கு, காத்திருக்கக் கூடியவர்கள். சிவப்பு என்றால் உடனே பார்த்தால்தான் உயிர்.

அகிலாவுக்கு வயிறு எரிந்தது. அட்டை கட்டும் பயிற்சிக்கு மதுரைக்கு முதலில் கூப்பிட்டது அவளைத்தான். "நான் மூணு நாள் போயிட்டா வார்டை யாரு பாக்குறது?" என்று பெருமையாகக் கேட்டவளும் அவளேதான். அவளுக்குப் பதிலாக நிவேதா போய்வந்தாள்.

"நடக்க முடிஞ்சவுகல்லாம் அங்குட்டு, வேப்பமரத்தடிக்குப் போங்க!" நிவேதா கத்தினாள். குரல் நடுங்கவில்லை. மூச்சை எண்ணினாள், நகத்தை அழுத்தி ரத்தம் திரும்பி ஓடுகிறதா என்று பார்த்தாள், அட்டையைக் கட்டினாள். ஆளுக்கு அரை நிமிஷம். அகிலா குறை தேடிக்கொண்டே இருந்தாள்.

கிடைத்தது. கொத்தனார் முத்துராமலிங்கம், "எனக்கு ஒன்னுமில்ல, மொத பொம்பளையாளுகளப் பாருங்க" என்று தானே நடந்துவந்து மரத்தடியில் உட்கார்ந்தவர். பச்சை அட்டை. இப்போது உதடு வெளுத்திருந்தது. நாடி நூலாக ஓடியது. வயிறு பலகையாக இறுகியிருந்தது. உள்ளே ரத்தம் கசிகிறது.

"தண்ணி குடுங்கம்மா."

"கொஞ்சம் பொறுங்கண்ணே."

ஒரு சத்தம் போட்டால் போதும். ஆனால் நிவேதாவிடம் சொன்னால் அட்டையை மாற்றிவிடுவாள், தப்பு காணாமல் போகும். டாக்டர் வரட்டும், அவர் கண் முன்னால் அந்தப் பச்சையை அவிழ்க்க வேண்டும். அகிலா பக்கத்து ஆளின் முழங்கைக்குக் கட்டுப் போட்டாள். கட்டு ரொம்ப அழகாக வந்தது. டாக்டர் வரவில்லை.

நிவேதா வந்தாள். பச்சைக்காரர்களை மறுபடி ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும் என்பதும் அந்தப் பயிற்சியில் உண்டாம். முத்துராமலிங்கத்தின் நகத்தை அழுத்தியவள், பச்சையைப் பிய்த்தெறிந்து, "சிவப்பு! ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க!" என்று அலறினாள்.

ஆபரேஷன் முடிந்து ஆள் பிழைத்துக்கொண்டார் என்று சாயந்திரம் தெரிந்தது. டீ குடிக்கும்போது டாக்டர், "இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா முடிஞ்சிருக்கும். நல்லா கண்டுபிடிச்ச, நிவேதா" என்றார்.

"மொத பச்சை கட்டுனதே நாந்தான் சார்." அவளுக்குக் கர்வம்கூட இல்லை. அதுவும் அகிலாவுக்கு எரிச்சலாக இருந்தது. "அக்கா, நீங்க பக்கத்துலயே இருந்தீகளே, ஒன்னும் தெரியலையா?"

எல்லோருக்கும் முன்னதாகவே கண்டுபிடித்தவள் அகிலாதான்.

"தெரியல" என்றாள்.