ஒரு பக்கம் கருகிய ரொட்டி

அந்தக் குளிர்க்கிடங்கில் வேலை செய்கிறவர்களுக்குத் தங்களுக்கு நாக்கு என்று ஒன்று இருப்பது காலை பத்தரை மணிக்குத்தான் நினைவுக்கு வரும். உறைநிலைக்குக் கீழே இருபது டிகிரியில் இரண்டு மணி நேரம் பெட்டி அடுக்கிவிட்டு, மெத்தையைச் சுற்றிக்கொண்டதுபோன்ற கோட்டுகளோடு நாற்பது பேர் ஒரே கதவு வழியாகக் கேன்டீனுக்குள் நுழைவார்கள். விரல் மரத்திருக்கும், ஸ்பூன் பிடிக்க வராது. வாய் மரத்திருக்கும், குறை சொல்லக்கூட வராது. சமைக்கிறவளுக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர்கள் எங்கே கிடைப்பார்கள்?

சமைக்கிறவளைச் சூடக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு குவளையையும் நீட்டும்போது "சூடு, சூடு" என்று சொல்லிச் சொல்லியே வந்த பெயர். அவளோடு வேலை செய்வது அவளுடைய நாத்தனார். வீட்டில் இருவருக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. கேன்டீனில் மட்டும் ஒருத்தி கையை நீட்டினால் மற்றவள் மிளகு டப்பாவை அதில் வைப்பாள்.

பத்தரை மணிக்கு அவர்கள் கொடுப்பது ஒரு சூப். தக்காளியும் அன்னாசியும் வெந்து குழைந்து, மேலே மிளகு மிதக்கும். குவளைக்கு நடுவில் ஒரு ரொட்டித் துண்டு நட்டுவைத்த பலகைபோல நிற்கும். ஒரு பக்கம் கரி, மறுபக்கம் வெள்ளை. குவளையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, சூட்டைக் கைக்கும் சூப்பை வயிற்றுக்கும் கொடுக்க வேண்டும். ஆட்கள் அதற்கு வைத்த பெயர் குவளை ரொட்டி. வெளியாள் யாராவது குடித்தால் உப்பில் கண் கலங்கிவிடும். மரத்த நாக்குக்கு அதுதான் அளவு.

இதில் எதையும் சூடக்கா உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அதுதான் அவள் யாரிடமும் சொல்லாத விஷயம். பதினோரு வருஷத்துக்கு முன்னால், பை கிழிந்து போனதால் வெளியே அனுப்ப முடியாத உறைந்த அன்னாசித் துண்டுகளைக் கிடங்கிலிருந்து கேன்டீன் வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். வீணாக்க மனசில்லாமல் அவள் தக்காளி சூப்பில் போட்டாள். அதே வாரத்தில் பத்து ரொட்டி நிற்கும் பெரிய டோஸ்டரில் ஒரு பக்கத்துக் கம்பிகள் மொத்தமாக உயிரை விட்டன. பழுதுபார்க்கச் சொல்லி எழுதிப் போட்டாள். குளிரவைக்கிற இயந்திரங்களைப் பார்க்கவே நேரம் போதவில்லை, சூடுபண்ணுகிறது காத்திருக்கட்டும் என்று இன்ஜினியர் பதில் சொல்லி அனுப்பினார். வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது ரொட்டியை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட யாருக்குக் கை இருக்கிறது? வேகட்டும் என்று கூடுதல் நேரம் விட்டாள். ஒரு பக்கம் கருகியது. அப்படியே குவளையில் நிறுத்திக் கொடுத்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றாள். ஆனால் கருகிய பக்கம் சுவர்போல விறைத்து நின்றது, வெள்ளைப் பக்கம் சூப்பை உறிஞ்சியது, ரொட்டி கரையவே இல்லை. காலிக் குவளையோடு நாற்பது பேரும் மறுபடி வரிசையில் நின்றார்கள்.

பிறகு அந்த டோஸ்டரைப் பழுதுபார்க்கச் சொல்லி அவள் எழுதவே இல்லை.

வம்பு வந்தது நகரத்தின் பெரிய உணவகத்திலிருந்து. அவர்களுடைய கொள்முதல் ஆள் ஒரு நாள் சரக்குப் பார்க்க வந்து, குளிர் அறைக்குள் முக்கால் மணி நேரம் நடுங்கிவிட்டு, வெளியே வந்து மூன்று குவளை குடித்தான். "அக்கா, இது அமிர்தம்" என்று புகழ்ந்து, அளவு கேட்டு எழுதிக்கொண்டான். புகழ்ச்சிக்கு மயங்கி அவளும் உப்புக் கரண்டி வரைக்கும் சொல்லித் தொலைத்தாள். மூன்று மாதத்தில் அந்த உணவகத்தின் பட்டியலில் "பாசறை சூப்" ஏறியது. மேலே ஒரு குன்று கிரீம், நடுவில் ஒரு பக்கம் கருகிய ரொட்டி. அவ்வளவுதான், ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. காப்பியில் வெண்ணெய் போட்டுக் குடித்த கூட்டமும் ஐஸ்கிரீமில் மிளகாய் தூவித் தின்ற கூட்டமும் ஒரே வாரத்தில் கரிந்த ரொட்டிக்கு மாறின. முடிவெட்டும் கடை வாசலில்கூட ஒருவர் அந்த சூப்பை விற்றார்.

அத்தோடு போயிருந்தால் சூடக்கா சிரித்துவிட்டு விட்டிருப்பாள். ஆனால் நகர அருங்காட்சியகம் விசித்திர உணவுகளின் கதை என்று ஒரு கண்காட்சி வைத்தது. இந்த நகரத்திலேயே பிறந்த ஒரு உணவுக்கு அங்கே நிரந்தரமாக ஒரு கண்ணாடிப் பேழை உண்டு, அது பாசறை சூப்புக்குத்தான் என்று செய்தி வந்தது. உணவக முதலாளியின் கொள்ளுத்தாத்தா பனிமலைப் போர்ப் பாசறையில் வீரர்களுக்காகக் கண்டுபிடித்ததாம். செய்தியைப் படித்த நாத்தனார் கையிலிருந்த கரண்டியை டங்கென்று வைத்தாள். அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதியதும் அவள்தான். இரு தரப்பும் நேரில் வந்து சொல்லலாம் என்று அங்கிருந்து பதில் வந்தது.

பதினோரு வருஷம் நாற்பது பேரைச் சூடாக்கியது வேறு ஒருவனின் கொள்ளுத்தாத்தா கணக்கில் போவது சூடக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அங்கே போய் எதைச் சொல்வது? கிழிந்த பையையா, கெட்டுப்போன டோஸ்டரையா? ஒரு வீரரின் கதைக்கு எதிரே இதெல்லாம் எடுபடுமா?

நாத்தனாருக்கு அந்தக் கவலையே இல்லை. "அவங்க ஒரு கொள்ளுத்தாத்தாவை இறக்கினா, நாம ஒரு கொள்ளுப்பாட்டியை இறக்குவோம் அண்ணி. கப்பல்ல சமைச்சவங்கன்னு சொல்லிடலாம்" என்றாள். இரண்டு நாள் ஒத்திகைகூட நடந்தது. கொள்ளுப்பாட்டி மூன்று கடல்களைத் தாண்டி, நடுவில் ஒரு கடற்கொள்ளைக்காரனுக்கும் சூப் கொடுத்திருந்தாள்.

அருங்காட்சியகச் சுவரெல்லாம் சின்னச் சின்ன அட்டைகள். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் தக்காளியை விஷம் என்று பயந்தார்கள் என்றது ஒன்று. அன்னாசிப் பழத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து விருந்து மேஜையில் அலங்காரமாக வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள் என்றது இன்னொன்று. "நம்ம சூப்ல ஒரு விஷம், ஒரு வாடகைப் பழம்" என்று நாத்தனார் காதில் சொன்னாள். சூடக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் சூப் பிளாஸ்க்கும் வயிற்றில் கொள்ளுப்பாட்டியுமாக முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

முதலில் உணவக முதலாளி எழுந்து, ருசி பார்க்கக் கொண்டுவந்த பாசறை சூப் குவளைகளை மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு, கதையை அவிழ்த்துவிட்டார். ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் வெள்ளை. அது இரவும் பகலும் காவல் நின்ற வீரனின் அடையாளம். இரண்டு கையால் பிடிப்பது தேசத்துக்கு வணக்கம். செய்முறையில் உப்பு ஏன் அவ்வளவு என்று கண்காட்சிப் பொறுப்பாளரான அம்மாள் கேட்டார். வீரர்கள் வியர்வை சிந்தினார்கள் அல்லவா, அதை ஈடுகட்ட என்றார் முதலாளி.

சூடக்கா சத்தமாகச் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அறையே அவள் பக்கம் திரும்பியது.

"பனிமலையில ஏதுங்க ஐயா வியர்வை?" என்றாள். "எங்க ஆளுங்க தினமும் பனிக்குள்ளதான் நிக்கிறாங்க. ஒருத்தருக்கும் ஒரு சொட்டு வியர்த்து நான் பார்த்ததில்ல."

பொறுப்பாளர் அம்மாள், அப்படியென்றால் நீங்கள் சொல்லுங்கள் என்றார். நாத்தனார் முழங்கையால் இடித்தாள். கொள்ளுப்பாட்டி கப்பலேற வேண்டிய நேரம் அது. சூடக்கா எழுந்து நின்றாள். நாற்பது முகங்கள் அவள் கண்முன் வந்தன. புருவத்தில் பனி ஒட்டிய முகங்கள். அவர்களை ஒளித்துவிட்டு ஒரு கப்பலைக் காட்டுவதா என்று அவளுக்கே கோபம் வந்தது.

"டோஸ்டர் கெட்டுப்போச்சும்மா" என்று தொடங்கினாள். கிழிந்த பை, உயிரை விட்ட கம்பி, திருப்பிப் போட நேரமில்லாத வரிசை, ஸ்பூன் பிடிக்காத விரல் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் கேன்டீன் குரலாக உயர்ந்தது. கேட்டவர்கள் சிலர் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். ஓட்டை டோஸ்டரை வரலாறு என்கிறாயா அம்மா, இதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்.

சூடக்கா கொண்டுபோன பிளாஸ்க்கைத் திறக்கவே இல்லை. பொறுப்பாளர் அம்மாளிடம் கொஞ்சம் ஐஸ்கட்டி வேண்டும் என்றாள். குளிர்பான மேஜையிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது.

முதலாளி கொண்டுவந்த குவளைகளில் ஒன்றை அம்மாளிடம் நீட்டினாள். "இது ஐயாவோட சூப்புதான். மேல இருக்கிற கிரீமை எடுத்துட்டு ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்றாள். அம்மாள் குடித்தார், முகம் கோணியது, தண்ணீர் கேட்டார். "இப்ப ஐஸை நாக்குல ரெண்டு நிமிஷம் வெச்சுக்குங்க. நாக்கு இருக்கான்னே தெரியக் கூடாது. அப்புறம் அதையே குடிங்க."

அம்மாள் ஐஸைத் துப்பிவிட்டு இரண்டாவது வாய் குடித்தார். மூன்றாவதும் குடித்தார். பிறகு குவளையை, யாரும் சொல்லாமலே, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் முடித்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து ஐஸ் கிண்ணத்தை நோக்கி நகர்ந்தார்கள்.

"உப்பு வியர்வைக்கு இல்லங்க, மரத்த நாக்குக்கு" என்றாள் சூடக்கா. "அந்த அளவை ஐயாவோட ஆளு வாங்கிட்டுப் போனாரு. அந்த நாக்கை அவரால வாங்கிட்டுப் போக முடியல. அதான் ஐயா கிரீமைப் போட்டு மூடுறாரு."

முதலாளியும் ஒரு ஐஸ்கட்டியை எடுத்தார். பாவம், அவருக்கும் தன் கடை சூப்பு முதன்முதலாகப் பிடித்திருக்க வேண்டும்; குடித்துவிட்டுக் குவளையைக் கீழே வைக்காமலே உட்கார்ந்தார்.

பேழை குளிர்க்கிடங்குக்குத்தான் என்று முடிவாயிற்று. ஆனால் அடுத்த வாரம் அம்மாளே கேன்டீனுக்கு வந்து, அந்த டோஸ்டர் பேழைக்கு வேண்டும் என்றார். கிடங்கு நிர்வாகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. பதினோரு வருஷம் வராத புது டோஸ்டர் மறுநாளே வந்து இறங்கியது. அதில் இரண்டு பக்கமும் அழகாகச் சிவந்த ரொட்டி சூப்பில் நின்ற வேகத்தில் தொளதொளத்து மூழ்கியது. நாற்பது பேரும் குவளைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ துக்கச் செய்தி கேட்டவர்கள்போல நிமிர்ந்தார்கள்.

சூடக்கா அம்மாளுக்குப் போன் செய்தாள். டோஸ்டரைத் தர முடியாது, புதுசு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அம்மாள், சரி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

பேழை திறப்பு நாள் ஞாயிற்றுக்கிழமை. நாற்பது பேரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கோட்டு இல்லாமல் சாதாரணச் சட்டையில் பாதிப் பேரை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. குவளை வாங்குவதுபோல அவர்கள் கையை நீட்டிய பிறகுதான் தெரிந்தது. பேழைக்குள் ஒரு கேன்டீன் குவளை, மெழுகில் செய்த ரொட்டி, பக்கத்தில் டோஸ்டர் அளவுக்கு வெற்றிடம். அதன் முன்னால் ஒரு அட்டை. மூக்குக்கண்ணாடி போடாததால் அவள் நாத்தனாரைப் படிக்கச் சொன்னாள்.

நாத்தனார் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்: "டோஸ்டர், ஒரு பக்கக் கம்பிகள் பழுது. காட்சிக்கு இல்லை. வேலையில் இருக்கிறது."

சூடக்கா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.