ராட்சசிக்கு ஒரே பிரேக்

அந்தக் காருக்குக் கதவைத் திறக்கக் கைப்பிடியே கிடையாது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். பக்கக் கண்ணாடிக்கு அடியில் விரலை விட்டுத் துழாவினால் அகப்படுகிற ஒரு சின்னப் பொத்தான். அதை அமுக்கினால்தான் கதவு திறக்கும். ஒரு நாள் பேங்க் வாசலில் நிறுத்தியிருந்தபோது காவலாளி காரைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "மேடம், உள்ள போற வழி கூரையிலயா இருக்கு?" என்று கேட்டார். அதைச் சொல்லிச் சொல்லி அவள் ஒரு வாரம் சிரித்தாள்.

இங்கிலாந்தில் செய்த கார். உலகத்திலேயே கொஞ்சம்தான் உண்டு. பானெட்டைக் கோபக்காரப் பூனை பிறாண்டிவிட்டுப் போனமாதிரி நீளநீளமாகப் பிளவுகள். வெயிலில் ஊதா, நிழலில் பச்சை. பின்னால் வெளியே பார்த்த மாதிரி இரண்டு புகைக்குழாய்கள். ஸ்டார்ட் பண்ணினால் எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும். காற்றுப்பை கிடையாது. சறுக்கினால் தானே சமாளித்துக்கொள்கிற நவீன சமாச்சாரம் ஒன்றுகூடக் கிடையாது. ஓட்டுகிறவர் தப்புப் பண்ணினால் அது மன்னிக்காது. தெருக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ராட்சசி. அவளுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப்போனது.

அவளுக்கும் ஒரு பெயர் உண்டு, பிரேக் அக்கா. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். பகல் முழுக்க ஒரு சின்ன வெள்ளைக் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கின்மேல் வலதுகாலை வைத்துக்கொண்டே ஊரையெல்லாம் சுற்றுவாள். படிக்க வருகிறவர்கள் பயந்து நடுங்குவது எதிரே வரும் லாரிக்கு இல்லை, அந்தக் காலுக்குத்தான். மாடு தூரத்தில் வாலை ஆட்டினாலும் இங்கே 'டப்'பென்று பிரேக் விழும்.

அப்படி ஆமை வேகத்தில் ஊர்ந்து ஊர்ந்து சம்பாதித்துத்தான் ராட்சசியை வாங்கினாள். "ஊர்ல எல்லாருக்கும் மெதுவா ஓட்டச் சொல்லிக் குடுத்து, நீ மட்டும் இதுல பறக்கிறியே, நியாயமா?" என்று தம்பி கேட்டதற்கு, "சமையக்காரன் வீட்ல சாப்பிடக் கூடாதுன்னு சட்டமாடா?" என்று பதில் சொன்னாள்.

தம்பி ரெக்கவரி வண்டி வைத்திருக்கிறவன். வழியில் படுத்துவிட்ட கார்களை முதுகில் ஏற்றிக்கொண்டு போவது அவன் தொழில். ராட்சசியையும் பலமுறை ஏற்றியிருக்கிறான். "அக்கா, உன் கார் ரோட்ல போனதைவிட என் முதுகுல போனதுதான் அதிகம்" என்பான். உண்மை இல்லை. ஆனால் பொய்யென்று அடித்துச் சொல்லவும் முடியாது. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

அதனால்தான் மலையுச்சிக் கண்காட்சிக்கு அழைப்பு வந்த அன்று அவள் தரையில் நிற்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, அபூர்வமான கார்களை மட்டும் கூப்பிடுகிற கூட்டம். அதில் ஒரே ஒரு கறாரான விதி. கார் தன் சொந்த இன்ஜினில் மலை ஏறி வர வேண்டும். ஏற்றிக்கொண்டோ கட்டி இழுத்துக்கொண்டோ வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். "இனிமே எவனாவது ராட்சசியை முதுகுல ஏறுற பொண்ணுன்னு சொல்லட்டும், பாக்குறேன்" என்று தம்பி காதுபடவே சொன்னாள்.

பட்டுவிட்டது கண். கண்காட்சிக்கு முந்தின வாரம், ஸ்கூல் ஆபீஸ் படியிலிருந்து, நிறுத்தி வைத்த ராட்சசியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். கடைசிப் படியை மறந்துபோனாள். வலதுகாலில் முழங்கால்வரை மாவுக்கட்டு.

"விடுக்கா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான் தம்பி.

"அடுத்த வருஷம் கூப்பிடுவாங்கன்னு என்னடா நிச்சயம்? நீ ஓட்டுறியா?"

தம்பி ஆசையாகத்தான் உள்ளே நுழைந்தான். பாதி நுழைந்தான். மீதி வயிறு ஸ்டீயரிங்கோடு சண்டை போட்டது. வெளியே இழுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அப்போதுதான் அவள் புருஷன், கழுத்தில் டேப் தொங்க, ஒரு திரைச்சீலையை மடித்துக்கொண்டே சொன்னார். "நான் ஓட்டுறேனே."

அவர் தையற்காரர். வீட்டுக்குக் கீழேயே கடை. திரைச்சீலை, சோபா உறை, கார் சீட் உறை எல்லாம் தைப்பார். ராட்சசியின் உள்ளே இருக்கிற ஊதாத் தோல் சீட்டும் அவர் கைவேலைதான். ஆனால் அவர் ஓட்டுவதா! லைசென்ஸ் டெஸ்டில் நாலுமுறை ஃபெயில் ஆனவர். நாலுமுறையும் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கிறபோது வண்டி பின்னால் உருண்டது. பிரேக் அக்காவிடம் படித்து நாலுமுறை தோற்ற ஒரே ஆள் அவர்தான். கட்டின புருஷனாக வேறு போய்விட்டார், வெளியே தலைகாட்ட முடியவில்லை. ஐந்தாவது முறை எப்படியோ பாஸானார். அதற்கப்புறமும் வீட்டு உபயோகத்துக்கென்று அவர் ஓட்டியதெல்லாம் ஸ்கூல் காரைத்தான். பக்கத்தில் அவள், அவள் காலடியில் இரண்டாவது பிரேக். யோசித்துப் பார்த்தால் கல்யாணமானதிலிருந்து அந்த மனுஷன் ஒரு பிரேக்கைக்கூடத் தானாகப் போட்டதில்லை. அவர் கால் போவதற்குள் இவள் கால் போய்விடும்.

"என்னங்க, விளையாடுறீங்களா? இது திரைச்சீலை இல்ல."

"வேற ஆள் இருந்தா சொல்லு."

ஆள் இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சாவியை நீட்டினாள். விரல் சாவியை விடவில்லை, அவர்தான் இழுத்து எடுத்துக்கொண்டார்.

மலையடிவாரம் வரை அவள் வாய் மூடவில்லை. "மெதுவா. முட்டையை மிதிக்கிற மாதிரி மிதிங்க. கிளச். ஐயோ கிளச்! அந்த ஆட்டோ திரும்புவான், பாருங்க, திரும்புவான்." ஆட்டோ திரும்பவில்லை. வார்த்தைக்கு வார்த்தை மாவுக்கட்டுக் கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் இல்லையென்று அவளுக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் எலும்புக்குள் மின்னல் வெட்டியது. தம்பி பின்னாலேயே ரெக்கவரி வண்டியில் வந்தான். "சும்மா துணைக்கு" என்றுதான் சொன்னான். ஆனால் கொக்கியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான், படுபாவி.

மலையில் தூறல் பிடித்துக்கொண்டது. ரோடு நனைந்து கறுத்தது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து ஒரு பஸ் இறங்கியது. இடம் இருந்தது. தாராளமாக இருந்தது. அவர் காலை லேசாக எடுத்து, காரை ஓரமாக அணைத்துக்கொண்டு போயிருப்பார்.

"பிரேக்!" என்று அலறினாள் அவள். அலறிக்கொண்டே தரையை ஓங்கி மிதித்தாள்.

அவர் பழக்க தோஷத்தில் அந்தச் சத்தத்துக்குக் கட்டுப்பட்டு முழு பிரேக் போட்டார். ஈர ரோட்டில் ராட்சசியிடம் அப்படிப் போடவே கூடாது. சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. கார் சறுக்கி, திரும்பி, ஓரத்துக் கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இன்ஜின் அணைந்தது. பஸ் தன் பாட்டுக்கு இறங்கிப் போனது.

கண்ணாடியில் தூறல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் வரிசையாகக் கார்கள் நின்றன, ஹாரன் அடித்தன. தம்பி குடையோடு ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினான்.

"அக்கா, மாமா, அடி ஏதும் இல்லையே? இந்த ஏத்தத்துல இதை எடுக்கறது மாமாவால ஆகாதுக்கா. பின்னால உருண்டா என் வண்டிமேலதான் வந்து விழும். பேசாம ஏத்திடவா?"

ஏற்றினால் முடிந்தது கதை. தப்பு யாருடையது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். பஸ்ஸுக்கு இடம் இருந்தது. அலறியது அவள். ஆனாலும் என்ன செய்ய? நாலுமுறை உருண்டவர், இதைவிடச் செங்குத்தான ஏற்றம், பின்னால் இத்தனை பேர். "ஏத்திடுடா" என்று சொல்ல வாயெடுத்தாள்.

"மாப்ளே, உன் வண்டியைக் கொஞ்சம் பின்னால எடு" என்றார் அவர். அப்புறம் அவள் பக்கம் திரும்பினார். கோபம் வந்தால்கூட 'ஏம்மா' என்று ஆரம்பிக்கிற மனுஷன். இப்போது அந்த 'ஏம்மா' இல்லை.

"அந்தக் காலை மடக்கி உள்ள வை. இந்த வண்டியில ஒரே பிரேக்தான் இருக்கு. அது என் காலுக்குக் கீழ இருக்கு."

அவள் இரண்டு கையாலும் மாவுக்கட்டைத் தூக்கி, சீட்டோடு ஒட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். ஸ்டார்ட் பண்ணினார். ராட்சசி உறுமியது. வலதுகாலை ஆக்ஸிலரேட்டர்மேல் வெறுமனே வைத்திருந்தார், அழுத்தவில்லை. அவள் முதன்முறையாக அந்தக் காலைப் பார்த்தாள். நாளெல்லாம் தையல் மெஷின் பெடலில் இருக்கிற கால். மெல்லிய துணியில் முதல் தையலை இழுக்கும்போது ஊசி ஒன்று, இரண்டு என்று இறங்குமே, அந்த அளவுக்கு மட்டும் அழுத்தத் தெரிந்த கால். கிளச் மெல்ல மேலே வந்தது. கார் மூக்கைத் தூக்கியது. ஹேண்ட் பிரேக் இறங்கியது. ஒரு மயிரிழை பின்னால் அசைந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவள் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை செய்ததில்லை.

பின்னால் உருளவில்லை. ராட்சசி, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி, முன்னால் நழுவியது. பின்னால், வண்டியை நகர்த்திவிட்டு இறங்கி நின்ற தம்பி, "அடி சக்கை! மாமா!" என்று குடையைத் தூக்கிக்கொண்டு குதித்தான்.

அதற்கப்புறம் அவளுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. ரோட்டைப் பார்த்தால் வாய் திறக்கத் தோன்றும் என்று பயந்து, பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே இருந்துவிட்டாள்.

ஒரு பஸ் எதிரே வந்தது. அதிலிருந்தவர்கள் மொத்தமும் ஒரே பக்கமாகச் சாய்ந்து பார்த்தார்கள். ரோடு போடுகிற ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். அதில் ஒருத்தர் மண்வெட்டியைத் தூக்கி சலாம் வைத்தார். ஒரு வீட்டு மாடியில் பெண்ணொருத்தி துணி துவைப்பதை விட்டுவிட்டு, பிழியாத துணியோடு, தண்ணீர் தன்மேலேயே வடிய, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு கையாட்டினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிய தபால்காரர் ரோட்டைவிட்டு இறங்கி ஒதுங்கி, பெரிய மனுஷருக்கு வழி விடுகிற மாதிரிக் கைகாட்டினார்.

"என்னங்க, எல்லாரும் எப்பவும் இப்படியா பாப்பாங்க?"

"பின்ன? நீ போறப்ப நான் தினமும் கடை வாசல்ல நின்னு பாக்குறேனே. தெருவே நிக்கும்."

"எனக்குத் தெரியவே தெரியாதே."

"நீ ரோட்டைப் பாத்துக்கிட்டிருந்த" என்றார் அவர். அடுத்த வளைவைக் காரே உணராத மாதிரித் திருப்பினார்.

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இத்தனை வருஷமாகத் தன் கார் போகிற அழகைத் தான் மட்டும் பார்த்ததில்லை. என்ன கூத்து!

உச்சியில் தூறல் விட்டு வெயில் அடித்தது. ராட்சசி பச்சையிலிருந்து ஊதாவாக மாறிக்கொண்டே வாசலுக்குள் நுழைந்தது. பளபளவென்று துடைத்த கார்களெல்லாம் வரிசையாக நின்றன. ஒன்றைக்கூட மதிக்காத மாதிரி அது ஒருதரம் உறுமிவிட்டு அடங்கியது. வாசலில் நின்ற பெரியவர் முன்னும் பின்னும் பார்த்தார். கயிறு இல்லை, கொக்கி இல்லை.

"சொந்த இன்ஜின்லதானே வந்தீங்க? மலை முழுக்க ஓட்டினது யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் அவள், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பக்கத்துக் காருக்கும் கேட்கிற மாதிரி. "ஓட்டக் கத்துக்குடுத்தது நான்தான். நாலு தடவை ஃபெயில். கேட்டுக்கோங்க, நாலு தடவை! அந்தக் கால்தான் ஈர ரோட்ல இதை ஏத்திக் கொண்டுவந்துச்சு."

அவர் வெட்கத்தில் டேப்பைத் தேடினார். அன்று கழுத்தில் டேப் இல்லை.

சாயங்காலம்வரை கூட்டம் ராட்சசியை விட்டு நகரவில்லை. கதவுப் பொத்தானைத் தேடித் தேடித் தோற்றவர்கள் கணக்கில்லை. அவள் ஒரு நாற்காலியில் காலை நீட்டி மகாராணி மாதிரி உட்கார்ந்து, ஒருத்தருக்கும் காட்டிக்கொடுக்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கிளம்புகிற நேரத்தில் தம்பி வந்தான்.

"அக்கா, ஏறி வர்றதுக்குத்தானே விதி? எறக்கம் இன்னும் மோசம், முழுக்க பிரேக் வேலை. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க, என் வண்டியில ஏத்திடலாம். நீயும் நிம்மதியா வா."

அவள் கைப்பையைத் திறந்து சாவியை எடுத்தாள். புருஷன் பக்கம் நீட்டினாள். அவர் தொட்டதுமே விட்டுவிட்டாள்.

"நீ வேணா காலி வண்டியை ஓட்டிட்டு வாடா" என்றாள் தம்பியிடம். "மாமா ஓட்டட்டும். நான் வேடிக்கை பாத்துக்கிட்டு வரணும்."